எக்காளக்காரர் கேட்ட கால் சதம்

இயந்திரம் ஒன்று தொழிலாளியின் பிழைப்பைப் பறிக்கும்போது, அவ்வியந்திரத்தை ஆக்கியவன் பெரும்பாலும் வேறொருவனாகவே இருப்பான். கைத்தறி நெய்தவன் விசைத்தறியைச் செய்தவனல்லன். மாட்டுவண்டி ஓட்டியவன் மோட்டார் லொறியைப் படைத்தவனல்லன். ஆகவே அவர்கள் இயந்திரத்தை நோவதோடு நின்றார்கள். தம்மை நொந்துகொள்ளக் காரணம் இருக்கவில்லை. இசைக்கலைஞனின் நிலையோ இதனின் வேறானது. அவனுக்குப் போட்டியாக வந்த இசைத்தட்டிலே ஒலிப்பது அவனுடைய மூச்சே. அவனுடைய விரல்களின் ஓட்டமே. ஒரு நாட் கூலிக்கு அவன் வாசித்துக் கொடுத்த பாட்டு, மறுநாள் முதல் அவனது இடத்திலேயே அமர்ந்துகொண்டு, கூலி கேளாமலும் களைப்பின்றியும் ஊரெங்கும் வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. தன் உழைப்பே தனக்கு எதிரியாக வந்து நிற்கும் இவ்விசித்திரம் வேறு எத்தொழிலில் உண்டு?

இவ்வாறு தொழிலிழந்தவனுக்கு எவரேனும் கடன்பட்டிருக்கின்றனரா? கடன் உண்டெனில் அதனை இறுக்க வேண்டியவர் யார்? வாங்க வேண்டியவர் யார்? இக்கேள்வியை நூலகத்திலிருந்து எழுப்பிய அறிஞர் பலர். தெருவிலிருந்து எழுப்பி, ஒரு நாட்டின் இசைத்தட்டுக் கம்பனிகளையும், நீதிமன்றங்களையும், ஜனாதிபதியையும் மறுமொழி சொல்ல வைத்தவர் ஒருவர். நடன வாத்தியக்குழுவில் எக்காளம் ஊதிப் பின்னர் தொழிற்சங்கத் தலைவரான ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ என்பவரே அவர். அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாக நோக்குவது இக்காலத்துக்கும் பயன்தரும் என எண்ணுகிறோம்.

சிக்காகோவின் சிறுவன்

பெட்ரில்லோ 1892-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆந் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே பிறந்தார். தந்தையார் இத்தாலியிலிருந்து குடியேறியவர். நகரின் கழிவுநீர்க் கால்வாய்களில் வேலை செய்தவர். மகனுக்குக் கல்வி ஏறவில்லை. பல ஆண்டு பள்ளிக்குச் சென்றும் நான்காம் வகுப்பைத் தாண்டவில்லை என்று பிற்காலத்தில் அவரே கூறுவதுண்டு. ஆனால் அந்நகரிலே ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கென ஜேன் அடம்ஸ் அம்மையார் நடத்திய ஹல் ஹவுஸ் என்னும் நிலையம் இருந்தது. அங்கே எக்காளம் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பதின்மூன்று பதினான்கு வயதிலேயே ஒரு சிறு நடன வாத்தியக்குழுவைச் சேர்த்துக்கொண்டு பிழைக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் பெரும் வித்துவான் அல்லர். அதனை மறைத்தவரும் அல்லர். எக்காளத்தை விட்டு மத்தளத்துக்கு மாறியும் புகழ் கிட்டவில்லை. ஆனால் பத்து வாத்தியக்காரர் கூடும் இடத்தில் எவருக்கு எவ்வளவு கூலி, எவர் ஏமாற்றப்பட்டார், எந்த முதலாளி பேசிய தொகையைக் கொடாதவர் என்பதை அவரைப்போல் அறிந்தவர் இலர். நல்ல கலைஞன் தன் வாத்தியத்தோடு வீடு சென்றுவிடுவான். கணக்குப் பார்த்தவரே சங்கத்தின் தலைவரானார். 1914-இல், இருபத்திரண்டாம் வயதில், அந்நகரிலிருந்த ஒரு சிறிய வாத்தியக்காரர் சங்கத்துக்குத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். மூன்றாண்டுக்குப் பின் அத்தேர்தலிலே தோற்று, அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனத்தின் சிக்காகோக் கிளையிற் சேர்ந்தார். அச்சம்மேளனம் 1896-இல் நிறுவப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொழில்முறைக் கலைஞர்களைத் தன்கீழ்த் திரட்டி வைத்திருந்தது. 1922-இல் சிக்காகோக் கிளையின் தலைமை பெட்ரில்லோவின் கைக்கு வந்தது. அதனை நாற்பது ஆண்டுகள் அவர் விடவில்லை.

பேசும்படம் கற்பித்த பாடம்

அக்காலத்து ஊமைப்படங்கள் உண்மையில் ஊமையாகக் காட்டப்படவில்லை என்பதை இளவாசகர் அறிந்திருத்தல் வேண்டும். பெரிய கொட்டகைகளிலே திரைக்கு முன்னால் ஒரு முழு வாத்தியக்குழு அமர்ந்து வாசிக்கும். சிறிய கொட்டகைகளிலே ஒரு பியானோக்காரர் தனியாக இருந்து, குதிரை ஓடும்போது ஒருவகையாகவும் காதலர் சந்திக்கும்போது இன்னொருவகையாகவும் படத்தோடு ஒட்டி வாசிப்பார். அமெரிக்காவில் இசையை நம்பி வாழ்ந்தோருக்கு இதைவிட நிலையான உத்தியோகம் வேறில்லை எனலாம். வாரந்தோறும் சம்பளம், மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சவேண்டியதில்லை.

1927-இல் ‘ஜாஸ் சிங்கர்’ என்னும் படம் வெளிவந்தது. படத்தோடு ஒலியும் சேர்ந்து வந்ததால், கொட்டகையிலிருந்து வாத்தியக்காரர் எழுந்து போகவேண்டியவராயினர். சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 22,000 பேர் இவ்வாறு வேலையிழந்தனர். ஹொலிவுட்டிலே புதிதாக வேலை பெற்றவரோ சில நூற்றுவர் மாத்திரமே. அந்நாளிற் சம்மேளனத் தலைவராக இருந்த ஜோசப் வெபர், பெரும்பொருள் செலவிட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். ‘தகரத்தில் அடைத்த இசை’ என்று ஒலிப்பதிவை இகழ்ந்து, உயிருள்ள இசையைக் காக்குமாறு பொதுமக்களை வேண்டினார். மக்கள் விளம்பரத்தைப் படித்தார்கள். பின் பேசும்படத்துக்கு டிக்கெட் வாங்கினார்கள்.

இரசிகனின் இரக்கத்தை நம்பித் தொழிலைக் காக்க முடியாது என்பதே இதனாற் பெறப்பட்ட பாடம். பெட்ரில்லோ அதனை மறக்கவில்லை.

அடுத்து வந்த இடி இசைத்தட்டினால் வந்தது. வீட்டிலே கேட்பதற்கென விற்கப்பட்ட தட்டு, வீட்டோடு நிற்கவில்லை. வானொலி நிலையத்தார் அதனை வாங்கி ஒலிபரப்பினர். முன்பு நிலையத்திலே அமர்ந்து வாசித்த குழுவுக்கு வேலை போயிற்று. நாணயம் போட்டாற் பாடும் ‘ஜூக் பொக்ஸ்’ பெட்டிகள் உணவுச்சாலைகளிலும் மதுச்சாலைகளிலும் இடம்பிடித்தன. 1940-ஆம் ஆண்டளவில் அவை சில இலட்சமாகப் பெருகின. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பியானோக்காரரின் நாற்காலியிலே வைக்கப்பட்டதென்று கூறினால் அது மிகையாயினும் பொய்யாகாது.

சட்டம் இவ்விடத்திலே கலைஞனுக்கு உதவவில்லை. அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டை இயற்றியவருக்கு உரிமை கொடுத்தது. அதனை வாசித்தவருக்கு ஒன்றுங் கொடுக்கவில்லை. தட்டுகளின்மேல் ‘வீட்டு உபயோகத்துக்கு மாத்திரம்’ என அச்சிட்டுப் பார்த்தனர். போல் வைற்மன் என்னும் புகழ்பெற்ற வாத்தியக்குழுத் தலைவரின் தட்டுகளைப் பற்றிய வழக்கிலே, 1940-இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தட்டை விலைகொடுத்து வாங்கியபின் வானொலி நிலையம் அதனை ஒலிபரப்பலாம். தட்டின்மேல் எழுதிய வாசகம் அதனைத் தடுக்காது என்பதே அத்தீர்ப்பு. ஆக, தட்டு கடைக்குப் போனபின் கலைஞனுக்கு அதன்மேல் எவ்வித பிடியுமில்லை. பிடி எஞ்சியிருந்த இடம் ஒன்றே: தட்டு உருவாகும் அறை. அங்கே அவன் வாத்தியத்தை எடுக்க மறுத்துவிட்டால், எந்த நீதிமன்றமும் அவனை ஊதென்று கட்டளையிட முடியாது.

இதனைத் தெளிவாகக் கண்டவர் பெட்ரில்லோ. 1937-இலேயே தமது சிக்காகோக் கிளையினர் இசைத்தட்டுக்கு வாசிக்கலாகாதென அவர் தடைவிதித்தார். ஒரு நகரம் மறுத்தால் கம்பனிகள் மற்றொரு நகரத்துக்குப் போயின. ஆயின் 1940-இல் வெபர் ஓய்வுபெற, முழுச் சம்மேளனத்துக்கும் பெட்ரில்லோ தலைவரானார். 1 இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர் அவர் சொற்படி நடப்போராயினர். இனிக் கம்பனிகள் போவதற்கு மற்றொரு நகரம் இருக்கவில்லை.

மௌனத்தின் ஈராண்டு

1942-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1-ஆந் திகதி முதல் சம்மேளனத்து உறுப்பினர் எவரும் இசைத்தட்டுக்கு வாசிக்கக்கூடாதென்று பெட்ரில்லோ அறிவித்தார். நடனசாலையில் வாசிக்கலாம், வானொலி நிலையத்தில் நேரே வாசிக்கலாம், தட்டுக்கு மாத்திரம் கூடாது. இதனை வழக்கமான வேலைநிறுத்தம் எனல் பொருந்தாது. கூலியை இவ்வளவு உயர்த்துக என்ற கோரிக்கையே அதில் இல்லை. தட்டுக்கு வாசிப்போர் நல்ல கூலிதான் பெற்றனர். தட்டினால் வேலையிழந்த ஏனையோருக்காகவே அவர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்தனர். இச்செய்தியை மறந்தால் இக்கதை முழுவதும் பொருளற்றதாகிவிடும்.

தடை வருமுன் ஜூலை மாதத்திலே கம்பனிகள் இரவுபகலாகத் தட்டுகளைப் பதிந்து களஞ்சியப்படுத்தின. சில மாதங்களில் அச்சரக்குத் தீர்ந்துபோயிற்று. பின்னர் நிகழ்ந்தவை விநோதமானவை. ‘கசபிளாங்கா’ படத்தில் வந்த பாட்டொன்று 1943-இல் நாடெங்கும் விரும்பப்பட்டது. அதனைப் புதிதாகப் பதிய வழியில்லை. ஆகவே 1931-இற் பதிந்த பழைய தட்டைத் தூசிதட்டி வெளியிட்டனர். பாடகர்கள் சம்மேளனத்திற் சேராதவர். எனவே அவர்கள் பாடலாம், பக்கவாத்தியந்தான் இல்லை. இளம் பாடகர் பிராங்க் சினாற்றா, வாத்தியங்களுக்குப் பதிலாகப் பின்னால் ஒரு கூட்டம் வாயினாலே இசை எழுப்ப, தட்டுக்குப் பாடினார். வாத்தியக்குழுக்களின் ஆதிக்கம் குன்றிப் பாடகர்களின் காலம் உதித்ததற்கு இத்தடையும் ஒரு காரணம் என்பர். தொழிலைக் காக்க எடுத்த ஆயுதம், அத்தொழிலின் ஒரு பகுதியையே காயப்படுத்திற்று என்க.

இன்னொரு நட்டமும் உண்டு. அவ்வாண்டுகளிலேதான் சார்லி பார்க்கர், டிஸி கிலெஸ்பி முதலிய இளைஞர்கள் ஜாஸ் இசையிலே ஒரு புதுநெறியை உருவாக்கிக்கொண்டிருந்தனர். 1943-இல் ஏர்ள் ஹைன்ஸ் குழுவிலே இருவரும் ஒருங்கிருந்து வாசித்தனர். அக்குழு அந்நாளில் வாசித்ததைத் தாங்கிய ஒரு தட்டேனும் கம்பனிகளால் வெளியிடப்படவில்லை. அந்நெறி பிறந்த தொட்டிலின் ஓசை நமக்குக் கிட்டாமலே போயிற்று.

போர் நடக்கும் காலத்தில் இசையைத் தடுக்கலாமா என்று பத்திரிகைகள் சீறின. அவருடைய நடுப்பெயர் சீசர் என்பதாயிருந்தது கேலிச்சித்திரக்காரருக்குப் பெருவாய்ப்பாயிற்று. 1942-இல் இன்ரலொக்கன் என்னுமிடத்து இசைமுகாமிலே பயிலும் மாணவர்களின் ஒலிபரப்பையும் அவர் நிறுத்திவிட்டார். பிள்ளைகளின் இலவச இசை, சம்பளத்துக்கு வாசிப்போரின் இடத்தைப் பறிக்கிறது என்பது அவர் வாதம். வாதத்திலே அணுவளவு உண்மை இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளோடு பொருதுபவன் வென்றாலும் தோற்றவனே என்பதை அவர் உணரவில்லை. தொழிற்சங்கங்களை ஆதரிப்போரிலும் பலர் அன்றுமுதல் அவரைவிட்டு விலகினர்.

அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. செனற் சபை விசாரணை நடத்தியது. போர்க்காலத் தொழிற்சபை தடையை நீக்குமாறு 1944-இற் கட்டளையிட்டது, அவர் அசையவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் நேரே தந்தியடித்து வேண்டினார். பெட்ரில்லோ அவரிடம் மதிப்புடையவர். தேர்தல்களில் அவருக்காக உழைத்தவர். எனினும் இயலாதென்றே விடை அனுப்பினார். இராணுவ வீரர்களுக்கென அரசாங்கம் தயாரித்த ‘வி’ தட்டுகளுக்கு மாத்திரம் கூலியின்றி வாசிக்க அவர் இணங்கியிருந்தார்.

அவர் நெஞ்சுறுதிக்குக் காரணம் இருந்தது. டெக்கா கம்பனி 1943 செப்டெம்பரிலேயே பணிந்துவிட்டது. அடுத்த மாதம் கப்பிற்றல் கம்பனி பணிந்தது. அவ்விரண்டும் புதிய தட்டுகளை விற்றுச் செழிக்க, ஆர்.சி.ஏ. விக்டரும் கொலம்பியாவும் பழைய தட்டுகளோடு காத்திருந்தன. எவ்வளவு காலம் காத்திருக்க முடியும்? 1944 நவம்பரிலே அவையும் கையொப்பமிட்டன. ஈராண்டும் மூன்று மாதமும் நீடித்த மௌனம் முடிந்தது.

கால் சதத்தின் கணக்கு

அவர் பெற்றது என்ன? விற்கப்படும் ஒவ்வொரு தட்டுக்கும், அதன் விலைக்கேற்ப, ஒரு சதத்தின் காற்பங்கிலிருந்து சில சதம் வரை கம்பனி ஒரு நிதிக்குச் செலுத்தவேண்டும். அப்பணம் தட்டுக்கு வாசித்தவருக்குப் போகாது. வேலையற்றிருக்கும் கலைஞருக்குத் தருமமாகவும் போகாது. அவர்களை வைத்தியசாலைகளிலும், பூங்காக்களிலும், பாடசாலைகளிலும் பொதுமக்களுக்காக இலவசமாக வாசிக்கச்செய்து, அவ்வாசிப்புக்குக் கூலியாகப் போகும்.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தைச் சிறிது எண்ணிப்பாருங்கள். தட்டு வேலையைக் குறைக்கிறது. ஆகவே விற்கும் தட்டொன்றிலிருந்து ஒரு துளி எடுத்து வேலையை உண்டாக்குக என்றார். இயந்திரத்தை உடைக்கவேண்டுமென அவர் கூறவில்லை. கலைஞன் கையேந்தி நிற்கவேண்டுமெனவும் கூறவில்லை. நான்காம் வகுப்பைத் தாண்டாத ஒருவரின் மூளையில் உதித்த இந்த யோசனையைப் பொருளாதாரம் கற்ற எம்போன்றோர் வியந்து நோக்குதல் தகும். கணக்கிலே கால் சதம் என்பது ஒன்றுமில்லை. ஆனால் அதனைக் கொடுக்க இசைந்த கணத்திலே, தட்டினால் நலிந்தவனுக்குத் தான் கடன்பட்டவன் என்பதைக் கம்பனி ஒப்புக்கொண்டுவிட்டது. கம்பனிகள் ஈராண்டு எதிர்த்தது பணத்தையன்று, அவ்வொப்புதலையே என்பது எமது துணிபு.

கொங்கிரஸ் சபை சும்மா இருக்கவில்லை. வானொலி நிலையங்கள் தேவைக்கு மேலான ஆட்களை அமர்த்தும்படி வற்புறுத்துவதைக் குற்றமாக்கி, 1946-இல் லீ சட்டம் என ஒன்றை இயற்றியது. ஒரு தனிமனிதரைக் குறிவைத்த சட்டம் என்று நாடே அதனைப் ‘பெட்ரில்லோ எதிர்ப்புச் சட்டம்’ என அழைத்தது. அவர் அதனை வேண்டுமென்றே மீறிப்பார்த்தார். 1947-இல் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லுமென்றது. எனினும் 1948-இல் நடந்த விசாரணையில் அவர் குற்றவாளியல்லர் என விடுவிக்கப்பட்டார். 1947-ஆம் ஆண்டின் டாவ்ற்-ஹார்ட்லி சட்டமோ இன்னும் ஆழமாக வெட்டியது: முதலாளி கொடுக்கும் இத்தகைய நிதியைத் தொழிற்சங்கம் தானே நிருவகித்தல் கூடாதென்றது. நிதியின் வேர் அறுந்தது.

பெட்ரில்லோ தம் பழைய ஆயுதத்தையே மீண்டும் எடுத்தார். 1948 ஜனவரி 1 முதல் இரண்டாம் தடை தொடங்கிற்று. அவ்வாண்டு டிசெம்பர் நடுப்பகுதிவரை நீடித்தது. முடிவில் ஒரு வழி பிறந்தது. சங்கத்துக்கும் கம்பனிக்கும் பொதுவான, சுதந்திரமான ஓர் அறங்காவலரிடம் நிதி ஒப்படைக்கப்பட்டது. இசை நிகழ்ச்சி அறநிதி என்னும் பெயரால் அது இன்றும் உள்ளது. அதன் செலவிலே இலவசக் கச்சேரிகள் இன்றும் நிகழ்கின்றன. வீரம் பேசிய பல தலைவர்கள் விட்டுச்சென்றது தத்தம் சிலைகளையே. இவர் விட்டுச்சென்றது, எவரோ ஒரு வயோதிப வாத்தியக்காரருக்கு ஒரு மாலைப்பொழுதின் கூலி.

சீசரின் மறுபக்கம்

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தைக் கூறாது விடுதல் நேர்மையன்று. சம்மேளனத்தின் யாப்பிலே, தலைவர் விரும்பினால் யாப்பின் விதிகளையே நிறுத்திவைக்கலாம் என்றொரு பிரிவு இருந்தது. ஜனநாயகம் என்னும் வீட்டுக்கு இத்தகைய வாசல் ஒன்றே போதும், அது வெறும் சுவராவதற்கு. சிக்காகோவிலும் சம்மேளனத்திலுமாக இரு சம்பளம் பெற்றார். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 46,000 டொலர். அக்காலத்து அமெரிக்காவிலும் அது பெருந்தொகையே. அவர் நோய்க்கிருமிக்கு அஞ்சிக் கைகுலுக்காது, சிறுவிரலை மாத்திரம் நீட்டுவார் என்பதும் உலகறிந்தது. அதனை ஒரு பலவீனமெனப் பொறுக்கலாம். எதிர்த்துப் பேசியவரைப் பொறாமையைப் பொறுப்பதெங்ஙனம்?

அவருக்கு வந்த பெருஞ்சோதனை முதலாளிகளிடமிருந்து வரவில்லை, தம்மவரிடமிருந்தே வந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே படங்களுக்கும் தட்டுகளுக்கும் வாசிப்போர் பலர் வாழ்ந்தனர். 1955-இல், பழைய படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்படும்போது கிடைக்கும் தொகை, அப்படங்களுக்கு வாசித்தவருக்குப் போகாது அறநிதிக்கே போகவேண்டுமென்று பெட்ரில்லோ ஒழுங்குசெய்தார். ஸெஸில் றீட் என்பவர் தலைமையிலே அந்நகரத்துக் கலைஞர் கிளர்ந்தெழுந்தனர். றீட்டும் ஓர் எக்காளக்காரரே. ‘வாசித்தவர் நாங்கள்; பணமோ வாசியாதவருக்கா?’ என்பதே அவர்களது குரலின் சாரம். அவரைச் சங்கத்திலிருந்து நீக்கி ஒறுத்தும் பயன் இல்லை. 1958-இல் அவர்கள் தனிச்சங்கம் அமைத்து, பெரிய படநிலையங்களின் கலைஞரிடையே நடந்த தேர்தலில் வென்றனர். அதே ஆண்டு பெட்ரில்லோ சம்மேளனத் தலைமையிலிருந்து இறங்கினார். பிரிந்தவர் 1961-இல் மீண்டும் வந்து சேர்ந்தனர்.

யார் பக்கம் நியாயம்? பல ஆண்டுகளுக்கு முன்னரே பெட்ரில்லோ ஒரு விடை கண்டிருந்தார்: வேலையுள்ளவன் வேலையற்றவனைச் சுமக்கவேண்டும். அவ்விடை முதலிற் கூறப்பட்டபோது அறமாயிருந்தது. ஏனெனில் சுமையைக் கம்பனி தாங்கிற்று. பிற்காலத்திலே சுமை கலைஞனின் கூலிப்பையிலிருந்தே எடுக்கப்பட்டது. அதுவும் அவனைக் கேளாமலே எடுக்கப்பட்டது. கொடுத்தல் ஈகை, பறிகொடுத்தல் இழப்பு. இரண்டுக்கும் நடுவே நிற்பது கொடுப்பவனின் சம்மதம் ஒன்றே. ஒரு கலைஞனைக் கேட்டுப் பெற்றிருந்தால் அவன் ஒருவேளை கொடுத்திருப்பான். கேளாமையே பெட்ரில்லோவின் குறை. தன்னைக் கேளாது தன் இசையை வானொலி எடுத்துக்கொண்டதை எதிர்த்துப் புறப்பட்டவர், தம் உறுப்பினரைக் கேளாது அவர் பொருளை எடுத்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

மற்றொரு கறையும் உண்டு. சிக்காகோவில் வெள்ளையருக்கு ஒரு கிளையும் கறுப்பருக்கு வேறொரு கிளையுமாக இரண்டு இயங்கின. நாடெங்கும் பல நகரங்களில் இதே நிலைதான். ஒரே மேடையில் ஒரே இராகம் வாசிப்போர் சந்தா கட்டுவதற்கு வெவ்வேறு வாசலால் நுழைந்தனர். தலைமைக் காலத்திலே அவர் இதனை மாற்ற முனையவில்லை. 1962-ஆம் ஆண்டின் இறுதியிலே சிக்காகோத் தேர்தலிலும் தோற்றபின், சம்மேளனத்தின் குடியுரிமைப் பிரிவுக்குப் பொறுப்பேற்று, இவ்விருவகைக் கிளைகளையும் இணைக்கும் பணியில் ஈடுபட்டார். சிக்காகோவின் கிளைகள் 1966-இல் ஒன்றாயின. காலந்தாழ்த்திச் செய்த நன்மை, ஆயினும் நன்மையே.

1984 ஒக்டோபர் 23-ஆந் திகதி, 92-ஆம் வயதில், பிறந்த நகரிலேயே அவர் காலமானார். சிக்காகோவின் கிராண்ட் பூங்காவிலே 1935-ஆம் ஆண்டின் வறுமைக்காலத்தில் இலவசக் கச்சேரிகள் தொடங்குவதற்கு அவர் முன்னின்று உழைத்தார். அப்பூங்காவின் இசைமேடை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மேடையிலிருந்து இறங்கியோர்

அவரோடு அப்போர் முடிந்துவிடவில்லை. லாஸ் வேகஸ் நகரின் சூதாட்ட விடுதிகளிலே ‘ஷோரூம்’ எனப்படும் பெருங்காட்சி மண்டபங்கள் உண்டு. அவற்றிலே நெடுங்காலமாக நிலையான வாத்தியக்குழுக்கள் இரவுதோறும் வாசித்து வந்தன. பியானோவிலமர்ந்து குழுவையும் நடத்திய கலைஞர் பலர் அங்கே வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிப்பித்தனர். 1989 ஜூன் மாதத்திலே விடுதிகள் சில, வாத்தியக்குழுவுக்குப் பதிலாக ஒலிநாடாவை வைக்க முற்பட்டன. கலைஞர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏழு மாதத்துக்கு மேலாக வீதியில் நின்றனர். 1990 ஜனவரியில் அது முடிந்தபோது, ஆடல்காட்சிகளுக்கு ஒலிநாடாவைப் பயன்படுத்தும் உரிமை விடுதிகளிடமே இருந்தது. அந்நகரத்துச் சங்கத்திலிருந்து வந்த மார்க் மசாக்லி 1991-இற் சம்மேளனத்தின் தலைவரானார். தோல்வியின் பாடங்கற்றவரைத் தலைமைக்கு அழைத்தது கூரிய செயலே.

பெட்ரில்லோ வென்று லாஸ் வேகஸ் தோற்றதேன்? 1942-இலே கலைஞன் இல்லாவிடிற் புதிய தட்டு இல்லை. 1989-இலோ நாடா ஏற்கனவே பதியப்பட்டுவிட்டது. சபையோரும் வாத்தியத்தைக் கேட்க வந்தவரல்லர், காட்சியைக் காண வந்தவர். மறுக்கும் வலிமை, மறுக்கப்படும் பொருள் தேவைப்படும் இடத்தில்மட்டுமே செல்லும். தொழிற்சங்க நூல்கள் பலவற்றைக் கற்றாலும் இதனினும் தெளிவான பாடம் கிட்டாது.

இன்று தட்டும் போய் நாடாவும் போய்விட்டது. மின்னலைவழியே இசை ஓடிவருகிறது. அமெரிக்காவிலே சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால், அதனை இயற்றியவருக்குப் பணம் உண்டு; வாசித்தவருக்கு இன்றும் இல்லை. இணையவழி ஒலிபரப்புக்கு மாத்திரம் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக ஓர் உரிமை கிட்டியது. போல் வைற்மன் தோற்ற அதே வாசலில் அவர் பேரப்பிள்ளைகள் காலத்தவரும் காத்து நிற்கின்றனர். இப்போது செயற்கை அறிவும் வந்துவிட்டது. கலைஞர் ஆயிரமாயிரவரின் வாசிப்பைக் கேட்டுப் பழகிய பொறி, எவரும் வாசியாத இசையைத் தானே எழுப்புகிறது. 2024-இற் படத்தயாரிப்பாளரோடு சம்மேளனம் செய்துகொண்ட ஒப்பந்தத்திலே இப்பொறிக்கெதிரான பாதுகாப்பும் இடம்பெற்றது. தட்டாவது கலைஞனின் மூச்சை அப்படியே திருப்பித் தந்தது. அது இன்னாருடையது என்று பெயரும் சொல்லிற்று. புதிய பொறியோ பல மூச்சுகளை விழுங்கி ஒரு பெயரும் சொல்லாது பாடுகிறது.

ஆகவே பழைய கேள்வி முன்னிலும் கூர்மையாகி நம்முன் நிற்கிறது. அது இசைவாணரை மாத்திரம் நோக்கியதுமன்று. எழுதுவோர், வரைவோர், கற்பிப்போர் யாவரும் தத்தம் உழைப்பை ஏதோ ஒரு தட்டிலே பதிந்துகொண்டே இருக்கிறோம். இயந்திரத்தைத் தடுப்பார் எவருமிலர், தடுக்கவேண்டியதும் இல்லை. கிராமத்தின் மூலையிலிருப்பவனும் உலகின் சிறந்த இசையைக் கேட்பது அதனாலன்றோ? ஆனால் இயந்திரம் தரும் இலாபத்திலே, அது எவருடைய திறமையால் உருவானதோ அவருக்கும், அதனால் எவருடைய நாற்காலி பறிபோனதோ அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கைப் பெறுவதற்கு மூன்று வேண்டும்: தொழிலாளர் ஒருமித்து நிற்றல்; கையில் வலிமை எஞ்சியிருக்கும்போதே கேட்டல்; பெற்றதைப் பகிரும்போது தம்மவரையும் கேட்டுப் பகிர்தல். முதலிரண்டையும் பெட்ரில்லோ நன்கறிந்திருந்தார். மூன்றாவதை அறியாமையால் தலைமையை இழந்தார்.

பொருள் சிறிதாயினும் உரிமை பெரிது. விலைகொடுத்து வாங்கிய தட்டைச் சுழலவிடும்போதும், கைப்பெட்டியிலே ஒரு பாட்டைத் தட்டி எழுப்பும்போதும், அதற்குள்ளே வாசிக்கின்ற பெயரறியாத பியானோக்காரரையும் எக்காளக்காரரையும் நாம் ஒரு கணம் நினைத்தல் நன்று. அவருக்குச் சேரவேண்டிய கால் சதம் சேர்ந்ததா என்று கேட்பதும் இசையைச் சுவைப்பதன் ஒரு பகுதியே.